புனிதர் பட்டியல் பிறந்த கதை

2015ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முதல்நாள். கொழும்பு காலிமுகத்திடலிலே இலட்சக்கணக்கான மக்கள் திரண்டிருக்க, பாப்பரசர் பிரான்சிஸ் ஒரு பெயரைப் புனிதர் வரிசையிலே சேர்த்து அறிவித்தார். கோவாவிலே பிறந்து, ஒல்லாந்தர் ஆட்சிக்கு அஞ்சி ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, கண்டியிலே உயிர்நீத்த யோசேவ் வாஸ் அடிகளாரின் பெயர் அது. இலங்கைக்கு வாய்த்த முதற் புனிதர் அவர்.

அடிகளார் இறந்தது 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் திகதி. இடையிலே ஏறத்தாழ 304 ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1697இலே கண்டியில் அம்மை நோய் பரவியபோது, உறவினரே கைவிட்டு ஓடிய நோயாளரைத் தம் கையாலே பராமரித்தவர் அவர். அவரை மகான் என்று கொண்டாடுவதற்குக் கண்டி மக்கள் எவருடைய அனுமதியையும் கேட்டிருக்கமாட்டார்கள். ஊருக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்வதற்கு உரோமாபுரிக்கு ஏன் முந்நூறு ஆண்டுகள் தேவைப்பட்டன? ஒருவரைப் புனிதர் என்று அழைக்கும் உரிமைதான் யாருடையது?

அன்பார்ந்த நேயர்களே, நான் இந்துக் கல்லூரியொன்றிலே தமிழ் கற்பிப்பவன். கிறிஸ்தவ இறையியல் எனது துறையன்று. ஆயினும் ஆண்டுதோறும் பெரியபுராணம் கற்பிக்கும் ஒருவனுக்கு அடியார் வரலாறு எந்தச் சமயத்ததாயினும் அயலானதாகத் தோன்றுவதில்லை. நாயன்மார் அறுபத்துமூவர் என்ற கணக்கு எப்படி வந்தது என்று வகுப்பிலே கேள்வி எழும்போதெல்லாம், மற்றச் சமயத்தார் தம் அடியாரை எவ்வாறு கணக்கிட்டார்கள் என்ற எண்ணமும் எனக்குக் கூடவே எழும். அந்த எண்ணத்தின் வழியே தேடிப் படித்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலிலே ஒரு சொல்லைக் கவனிப்போம். சமயத்துக்காக உயிர்கொடுத்தோரை நமது கத்தோலிக்க மக்கள் 'வேதசாட்சி' என்பர். கிரேக்க மொழியிலே 'மார்ட்டிஸ்' என்றால் சாட்சி என்பதே பொருள். நீதிமன்றத்திலே நின்று கண்டதைச் சொல்பவன் எவனோ அவனே சாட்சி. கண்டதைச் சொன்னதற்காகக் கொலையுண்டவனும் அதே சொல்லால் அழைக்கப்பட்டான். தமிழிலே இச்சொல்லை ஆக்கியோர் அந்தப் பழம்பொருளைச் சிறிதும் சிதையாமற் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஆதித் திருச்சபையிலே புனிதர் பட்டம் என்று ஒன்று இருக்கவில்லை. சின்னப்பர் தமது நிருபங்களிலே, உயிரோடிருந்த விசுவாசிகள் எல்லாரையுமே புனிதர் என்றுதான் குறிப்பிட்டார். போர்த்துக்கேயர் காலத்திலே நமது தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் அம்மானை பாடிய சந்தியோகுமையோர் இருக்கிறாரே, இயேசுவின் சீடரான அந்த யாகப்பருக்கு எந்தப் பாப்பரசரும் பட்டம் வழங்கியதில்லை. இராயப்பருக்கும் சின்னப்பருக்குங்கூட அப்படித்தான். மக்கள் வணங்கினர், வணக்கம் நிலைத்தது, அவ்வளவே.

அந்த வணக்கம் தொடங்கிய விதத்தைக் காட்டும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, இன்றைய துருக்கி நாட்டிலுள்ள சிமிர்னா நகரிலிருந்து கிடைத்திருக்கிறது. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அந்நகரத்து மேற்றிராணியார் பொலிகார்ப் என்ற முதியவரை உரோம அதிகாரிகள் கொன்று, உடலையும் எரித்தனர். அவருடைய மக்கள் எஞ்சிய எலும்புகளைப் பொறுக்கியெடுத்துத் தகுந்த ஓரிடத்திலே சேமித்தனர். ஆண்டுதோறும் அந்நாளிலே அவ்விடத்திற் கூடி மகிழ்வது என்று தீர்மானித்தனர். அவர் இறந்த நாளை அவர்கள் 'பிறந்த நாள்' என்று அழைத்ததுதான் வியப்பு. மண்ணுலகில் இறந்த நாளே விண்ணுலகிற் பிறந்த நாளாம். நமது நாயன்மாருக்கும் குருபூசை எடுப்பது அவர்கள் பிறந்த நட்சத்திரத்திலன்று, இறைவனடி சேர்ந்த நட்சத்திரத்திலேதான். இவ்விரு மரபினரும் ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அன்புக்குரியோரை நினைவுகூரும் மனித மனம் எங்கும் ஒரே வழியிலேதான் நடக்கிறது போலும்.

அடுத்த நூற்றாண்டிலே வட ஆபிரிக்காவின் கார்த்தேச் நகரத்து மேற்றிராணியார் சிப்பிரியன் தம் குருமாருக்கு ஒரு கடிதம் எழுதினார். அது சுமார் கி.பி. 250; கொடிய துன்புறுத்தல் நிகழ்ந்த காலம். சிறையிலே கிடந்து இறப்போரின் பெயரையும் இறந்த நாளையும் தவறாமற் குறித்து வையுங்கள், அந்நாள்களை நாம் நினைவுகூர வேண்டும் என்பதே அக்கடிதத்தின் கருத்து. கொலைக்களத்திலே பலர் பார்க்க மாண்டவனை ஊரே நினைவில் வைத்திருக்கும். இருட்டறையிலே எவரும் அறியாமல் இறந்தவனை யார் நினைப்பது? அவனுக்காகவே அந்தக் கடிதம். புனிதர் பட்டியல் என்ற பெரிய மரத்தின் வித்து இந்தக் குறிப்பேடுதான் என்பது எனது எண்ணம். சிப்பிரியனும் 258ஆம் ஆண்டு சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய நாளும் ஏட்டிலே ஏறிற்று.

313இலே கொன்ஸ்டன்டைன் மன்னன் காலத்தில் கிறிஸ்தவம் சட்டபூர்வமாயிற்று. துன்புறுத்தல் நின்றது, ஆகவே வேதசாட்சிகளும் அருகினர். ஆனால், புனிதரை வணங்கும் வேட்கை அருகவில்லை. அப்போது மக்களின் கண் வேறு வகையினர் மீது திரும்பிற்று. எகிப்தியப் பாலைவனத்திலே தவம்புரிந்து 356இலே மறைந்த அந்தோனியாரும், பிரான்சிலே தூர் நகரத்து மேற்றிராணியாராயிருந்து 397இலே மறைந்த மார்ட்டினும் இரத்தம் சிந்தியவர்களல்லர். அவர்களுடைய வாழ்க்கையே சாட்சியாகக் கொள்ளப்பட்டது.

இங்கேதான் சிக்கலும் தொடங்கிற்று. இரத்தம் சிந்தியதற்கு ஊர் சாட்சி சொல்லும். நல்வாழ்க்கைக்கு யார் சாட்சி? இறந்தவர் யார் என்றே தெரியாத கல்லறைக்கு யார் சாட்சி?

மார்ட்டினுடைய சரிதத்தை எழுதிய சுல்பீசியஸ் செவேரஸ் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தூர் நகருக்கு அண்மையிலே வேதசாட்சி ஒருவருடையது என்று மக்கள் வணங்கிய ஓரிடம் இருந்தது. மார்ட்டினுக்கோ ஐயம். அங்குள்ள மூத்த குருமாரிடம் அந்த வேதசாட்சியின் பெயர் என்ன, எப்போது இறந்தார் என்று வினவினார். உறுதியான மறுமொழி எவரிடமும் இல்லை. ஒருநாள் கல்லறையருகே நின்று செபித்தார். அழுக்கடைந்த நிழலுருவம் ஒன்று தோன்றி, தான் கொள்ளையன் என்றும், குற்றங்களுக்காகக் கொல்லப்பட்டவன் என்றும், மக்கள் தவறாகத் தன்னை வணங்குகிறார்கள் என்றும் சொல்லிற்றாம். மார்ட்டின் அந்தப் பீடத்தை அகற்றுவித்தார். நிழலுருவத்தை நாம் நம்பலாம், விடலாம். அவர் கேட்ட இரண்டு கேள்விகள் முக்கியமானவை. பெயர் என்ன? இறந்தது எப்போது? சிப்பிரியன் குறிக்கச் சொன்னவையும் இவ்விரண்டுமே.

கார்த்தேச் நகரிலே 401இற் கூடிய சங்கம், வயல்வெளிகளிலும் தெருவோரங்களிலும் உரிய சான்றின்றி எழுந்த வேதசாட்சி நினைவுப் பீடங்களை இடித்துவிடும்படி மேற்றிராணிமாருக்குக் கட்டளையிட்டது. சாலமாஞ் சக்கரவர்த்தி காலத்திலே, 794இற் பிராங்போட்டிற் கூடிய சங்கம் புதிய புனிதர்களை வணங்கலாகாது என்றது. மக்கள் ஒருபுறம் புனிதரை உண்டாக்கிக்கொண்டேயிருக்க, அதிகாரம் மறுபுறம் வரம்பு கட்டிக்கொண்டேயிருந்தது. இந்நிலையில் மத்திய கால ஐரோப்பாவிலே ஒரு சமரசம் ஏற்பட்டது. மக்கள் போற்றும் ஒருவருடைய சரிதத்தை மேற்றிராணியார் கேட்டறிவார். திருப்தியேற்பட்டால் அவருடைய எலும்புகளை மண்ணிலிருந்து எடுத்துக் கோயிற் பீடத்திலே வைப்பார். அதுவே பட்டமளிப்பு.

உரோமாபுரி இதற்குள் நுழைந்த முதல் நாளென்று அறிஞர் காட்டுவது 993ஆம் ஆண்டு ஜனவரி 31. ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரத்து மேற்றிராணியாராயிருந்த உல்ரிக் 973இலே இறந்தவர். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்தவர் உல்ரிக்கின் சரிதத்தை உரோமாபுரிக்குக் கொண்டுசென்று, பாப்பரசர் 15ஆம் அருளப்பர் முன்னிலையிலே வாசிப்பித்தார். பாப்பரசர் அவரைப் புனிதராக ஏற்றார். உல்ரிக்குக்கு உரோமாபுரியின் சொல் அவசியமாக இருந்ததென்றில்லை. அது பெருமையைக் கூட்டியது. பெருமைக்காக நாடிய ஒன்று பின்னர் கட்டாயமாவது உலக வழக்குத்தானே?

கட்டாயமாக்கியவர் பாப்பரசர் 3ஆம் அலெக்சாந்தர். 1171ஆம் ஆண்டளவில் சுவீடன் அரசனுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. குடிவெறியிலே கொலையுண்ட ஒருவனை அந்நாட்டிலே சிலர் வேதசாட்சியாக வணங்குவதைக் கேள்வியுற்று அவர் கண்டித்தார். அவனால் அற்புதங்களே நிகழ்ந்தாலும், உரோமத் திருச்சபையின் அனுமதியின்றிப் பகிரங்கமாக வணங்கலாகாது என்பது அவர் வாதம். 1234இலே இக்கடிதத்தின் பகுதி திருச்சபைச் சட்டத் தொகுப்பிலே சேர்க்கப்பட்டது. குடிகாரன் ஒருவனைப் பற்றிய கண்டனம் உலகத் திருச்சபைக்கே சட்டமாகி, மேற்றிராணிமார் கையிலிருந்த உரிமை பாப்பரசருடையதாயிற்று.

நேயர்களே, இச்சட்டம் ஏட்டிலே ஏறிய அந்நூற்றாண்டிலேயே மக்கள் அதனை எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது. பிரான்சின் லியோன் நகர்ப்புறத்திலே ஸ்தேவான் என்ற துறவி பாவசங்கீர்த்தனம் கேட்டுவந்தபோது, பெண்கள் பலர் தம் நோயுற்ற குழந்தைகளைப் 'புனித கினெபோர்' என்பவரிடம் கொண்டுசென்றதாகச் சொன்னார்கள். யார் அவர் என்று விசாரித்தார் துறவி. அது ஒரு வேட்டைநாய்! பிரபு ஒருவனின் குழந்தை தொட்டிலிலே கிடக்கையிற் பாம்பொன்று வந்தது. நாய் அதனைக் கடித்துக் குதறிக் குழந்தையைக் காத்தது. இரத்தம் தோய்ந்த அதன் வாயைக் கண்ட பிரபு, குழந்தையைத்தான் கொன்றுவிட்டதென்று எண்ணி நாயை வெட்டிவிட்டான். உண்மை தெரிந்தபின் அதனைப் புதைத்துக் கற்களைக் குவித்து மரங்களை நட்டான். குற்றமற்று இறந்த அந்த நாயைக் குடியானவர்கள் வேதசாட்சியாக்கிவிட்டனர்.

இக்கதையை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று உங்களுக்குத் தோன்றும். பஞ்சதந்திரத்துக் கீரிப்பிள்ளையின் கதைதான் இது. சிலப்பதிகாரத்திலே அடைக்கலக் காதையிற் கோவலனின் கொடைச் சிறப்பைச் சொல்லுமிடத்திலும் கீரியைக் கொன்ற பார்ப்பனியின் கதை வருகிறதல்லவா? இந்திய மண்ணின் கதை ஒன்று நாடுகள் கடந்து, கீரி நாயாகி, பிரான்சிலே புனிதராகவும் ஆகிவிட்டது! ஸ்தேவான் துறவி அந்த எலும்புகளைத் தோண்டுவித்து, மரங்களையும் வெட்டி எல்லாவற்றையும் எரிப்பித்தார். ஆயினும் 19ஆம் நூற்றாண்டிலும் தாய்மார் அக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தனர். பிள்ளை நோயுற்ற தாய்க்குச் சட்டத் தொகுப்பு தெரியுமா?

இனி, உரோமாபுரி இவ்வுரிமையை எவ்வாறு பயன்படுத்தியது என்று நோக்குவோம். 1199இலே பாப்பரசர் 3ஆம் இன்னோசென்ற், இத்தாலியின் கிரெமோனா நகரத்துத் துணி வணிகர் ஒமொபோனுஸ் என்பவருக்குப் பட்டம் வழங்கியபோது ஒரு விதியை வகுத்தார். வாழ்நாளிலே நற்பண்பு வேண்டும். இறந்தபின் அற்புதம் வேண்டும். ஒன்று மட்டும் போதாது. குருவோ அரசனோ அல்லாத வணிகர் ஒருவர் இவ்விதிக்கு முதல் எடுத்துக்காட்டானது கருதத்தக்கது. நமது அமர்நீதி நாயனாரும் துணி விற்றவர்தானே!

அந்நாளிலே விசாரணை விரைந்து முடிந்ததும் உண்டு. 1226இல் மறைந்த அசிசி பிரான்சிசுக்கு 1228இலே பட்டம். கொச்சிக்கடையிலே சமயபேதமின்றி நம்மவரெல்லாம் மெழுகுதிரி ஏற்றும் பதுவை அந்தோனியார் 1231 ஜூன் 13இல் மறைந்தார். 1232 மே 30இலே புனிதரானார். ஓராண்டுகூட ஆகவில்லை. ஊரின் குரலும் உரோமாபுரியின் குரலும் ஒன்றாயொலித்த தருணங்கள் அவை.

ஒன்றாயொலிக்காத தருணங்களும் இருந்தன. பிரான்சின் ஜோன் ஒவ் ஆர்க், ஆங்கிலேயர் செல்வாக்கிலிருந்த திருச்சபை நீதிமன்றம் ஒன்றினால் 1431இலே குற்றவாளியாக்கப்பட்டு உயிரோடு எரிக்கப்பட்டாள். 1456இலே மறுவிசாரணை அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. அவள் புனிதரானது 1920இலேதான். 19 வயதுப் பெண்ணொருத்தியை ஒரு நீதிமன்றம் நெருப்பிலிட்டது. அதே திருச்சபையின் இன்னொரு விசாரணை 489 ஆண்டுகளின் பின் அவளைப் பீடத்தில் ஏற்றிற்று.

16ஆம் நூற்றாண்டிலே மார்ட்டின் லூதர் கிளப்பிய புயல் புனிதர் வணக்கத்தையும் தாக்கிற்று. 1523இலே பென்னோ என்ற ஜேர்மன் மேற்றிராணியாருக்குப் பட்டம் வழங்கப்பட, அதனைத் தாக்கி லூதர் ஒரு பிரசுரமே எழுதினார். அதன்பின் 65 ஆண்டுகள் உரோமாபுரி எவருக்கும் பட்டம் வழங்கவில்லை. மீண்டும் தொடங்கியபோது அது முழுமையான நீதிமன்றமாக மாறியிருந்தது. 1588இலே பாப்பரசர் 5ஆம் சிக்ஸ்துஸ் இதற்கெனத் தனிப் பேரவையொன்றை அமைத்தார். பட்டம் கேட்போரின் தரப்பிலே ஒரு வழக்கறிஞர் வாதிடுவார். எதிர்த்தரப்பிலே குறைகளையெல்லாம் தேடியெடுத்து மறுத்துரைக்க ஓர் அதிகாரி இருப்பார். அவரை மக்கள் வேடிக்கையாகப் 'பிசாசின் வக்கீல்' என்று அழைத்தனர். அவரோ திருச்சபையின் சம்பளக்காரர். ஏமாந்துவிடக்கூடாதென்று தமக்கெதிராகத் தாமே வக்கீல் வைத்துக்கொண்டார்கள்.

1622 மார்ச் 12இலே ஒரே நாளில் ஐவர் புனிதராயினர். லொயோலா இஞ்ஞாசியார், சவேரியார், அவிலா தெரேசாள், விவசாயி இசிதோர், பிலிப்பு நேரி என்போரே அவ்வைவர். பிலிப்பு நேரி மட்டுமே இத்தாலியர். 'இன்று நான்கு ஸ்பானியரும் ஒரு புனிதரும் பட்டம் பெற்றனர்' என்று உரோமாபுரி மக்கள் கேலி பேசினார்களாம். பட்டத்தின் பின்னே அரசியலும் செல்வாக்கும் உண்டென்பது அக்காலத்துச் சாமானியருக்கும் தெரிந்தேயிருந்தது.

பாப்பரசர் 8ஆம் ஊர்பானின் 1625, 1634ஆம் ஆண்டுக் கட்டளைகள் இன்னும் கடுமையானவை. பட்டம் கிடைக்குமுன் ஒருவருடைய படத்திலே ஒளிவட்டம் வரையக்கூடாது. கல்லறையிலே பகிரங்க வணக்கம் நிகழக்கூடாது. நிகழ்ந்தால் வழக்குக்கே பாதகம். மாற்றத்தைப் பாருங்கள். ஒரு காலத்திலே ஊர் வணங்கியதே புனிதத்துக்குச் சான்று. இப்போதோ ஊர் வணங்கவில்லை என்று நிரூபித்தாற்றான் விசாரணையே நடக்கும்!

இந்த நீதிமன்றத்தின் நடைமுறைக்கு எடுத்துக்காட்டாகத் தமிழரோடு கலந்த ஒருவரைக் காட்டலாம். போர்த்துக்கல்லிலே பிறந்து, மறவர் நாட்டிலே காவியுடுத்து, புலாலுண்ணாது, அருளானந்தர் என்ற தமிழ்ப் பெயரோடு வாழ்ந்த ஜோன் டி பிரிட்டோ 1693 பெப்ரவரி 4இலே ஓரியூரிற் சிரச்சேதமுண்டார். அவருடைய வழக்கிலே எழுந்த தடை அவருடைய தமிழ்க்கோலம்தான். சந்நியாசி வேடம் தரித்ததும் நம்மவர் ஆசாரங்களைக் கைக்கொண்டதும் பிற சமய வழிபாடாகாதா என்று ஐயம் கிளம்பிற்று. 1741இலே பாப்பரசர் 14ஆம் ஆசீர்வாதப்பர், அவை சமயச் சடங்குகளாக அன்றி நாட்டு வழக்கங்களாகவே கைக்கொள்ளப்பட்டன. ஆகவே தடையில்லை என்று தீர்த்தார். இந்தப் பாப்பரசர் முன்னாளிலே 'பிசாசின் வக்கீலாக' இருந்தவர். பட்டமளிப்பின் சட்டங்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். ஆயினும் அருளானந்தர் புனிதரானது 1947 ஜூன் 22இலே.

வாஸ் அடிகளாரின் கதையும் இவ்வாறே. அவர் மறைந்து இரண்டே ஆண்டில், 1713இலே, கொச்சி மேற்றிராணியார் விசாரணையைத் தொடங்கினார். இடையிலே அது தடைப்பட்டுக் கிடந்தது. 20ஆம் நூற்றாண்டிலே ஏடுகள் மீண்டும் விரிக்கப்பட்டன. 1995 ஜனவரி 21இலே பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் காலிமுகத்திடலிலே அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். புனிதராவதற்கு இன்னோர் அற்புதம் தேவைப்பட்டது. பாப்பரசர் பிரான்சிஸ் அந்நிபந்தனையைத் தளர்த்தி 2015இலே பட்டமளித்தார். அடிகளாரின் புனிதத்திலே எவருக்கும் ஐயமிருக்கவில்லை; குறைவு கடதாசியிலே இருந்தது.

இன்றைய நடைமுறை 1983இலே வகுக்கப்பட்டது. ஒருவர் மறைந்து 5 ஆண்டுகளேனும் கழியவேண்டும். மறைமாவட்டத்திலே சாட்சியங்கள் திரட்டப்படும். இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், முத்திப்பேறு பெற்றவர், புனிதர் என நான்கு படிகள் உண்டு. வேதசாட்சியல்லாதவருக்கு மூன்றாம் படிக்கு ஓர் அற்புதமும் நான்காம் படிக்கு இன்னோர் அற்புதமும் வேண்டும். அற்புதங்கள் பெரும்பாலும் நோய் நீங்கியவையே. வைத்தியர் குழு ஆராயும். அவர்கள் 'அற்புதம்' என்று சொல்வதில்லை; 'இன்றைய மருத்துவ அறிவினால் விளக்கமுடியவில்லை' என்றே சொல்வார்கள். மற்றதை இறையியலாளர் தீர்மானிப்பர். பிசாசின் வக்கீலின் பழைய அதிகாரம் பெரிதும் குறைக்கப்பட்டுவிட்டது.

வழி சுலபமானதும் தொகை பெருகிற்று. 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 482 பேருக்குப் பட்டமளித்தார். அவருக்கு முன் நான்கு நூற்றாண்டுகளிலே பட்டம் பெற்றோரின் மொத்தத் தொகையையும் இது விஞ்சிவிட்டது. 2005இலே அவர் மறைந்தபோது, இறுதிச் சடங்கிலே கூடிய மக்கள் அவரை உடனே புனிதராக்குங்கள் என்று பதாகை பிடித்துக் குரலெழுப்பினர். 5 ஆண்டு விதி தளர்த்தப்பட்டது. 2014இலே அவர் புனிதரானார். ஆயிரம் ஆண்டுகளாக அடக்கிவைத்த ஊரின் குரல் உரோமாபுரியின் முற்றத்திலேயே மறுபடி கேட்டது.

இவற்றையெல்லாம் படிக்கையில் என் மனத்தை நெருடியது வேறொரு கேள்வி. வேதசாட்சி என்று சொல்ல, கொன்றவன் சமயத்தின்மீது கொண்ட பகையாலே கொன்றிருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கொன்றவன் மனத்தை யார் அளப்பது? 1544இலே மன்னாரிற் சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற மக்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான். தொகை 600 என்று மரபு கூறும். அவர்களை மன்னார் மக்கள் அன்றிலிருந்து வேதசாட்சிகளாகவே போற்றிவருகிறார்கள். உரோமாபுரியின் புனிதர் பட்டியலிலே இன்றும் அவர்கள் இல்லை. மதம் மாறியோர் போர்த்துக்கேயரின் குடிகளாகிவிடுவர் என்ற அச்சமே மன்னனைத் தூண்டியது என்று நம்மிற் பலர் வகுப்பறையிலே விளக்குகிறோம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், மன்னனின் காரணத்தை விளக்கியதும் மாண்டவர்களை மறந்துவிடலாம் என்றாகாது. சைவத் தமிழனாகிய நான் இதைச் சொல்லக் கூச்சப்படவேண்டியதில்லை. இத்தாலியின் ஒத்திராந்தோ நகரிலே 1480இலே துருக்கியரால் வெட்டுண்ட 800க்கு மேற்பட்டோர் 2013இலே, 533 ஆண்டுகளின் பின், புனிதராயினர். அவர்களிற் பெரும்பாலாரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

நம் கண்முன்னே நிகழ்ந்ததும் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். 5 ஆண்டுகள் நிறைவுற்ற 2024இலே, கோயில்களில் மாண்ட கத்தோலிக்கரைப் புனிதராக்கும் முயற்சியைக் கொழும்பு உயர்மறைமாவட்டம் தொடங்கிற்று. 2025இலே அவர்களுள் 167 பேரின் பெயர்கள் வத்திக்கானின் 'விசுவாசச் சாட்சிகள்' ஏட்டிலே சேர்ந்தன. அது புனிதர் பட்டமன்று. பெயர் எழுதிவைக்கப்பட்டது என்பதே பொருள். சிப்பிரியனின் குறிப்பேடு போன்றது. சீயோன் தேவாலயத்திலே மாண்ட சிறுவர்கள் கத்தோலிக்கரல்லர். ஹோட்டலிலே காலையுணவு பரிமாறிக்கொண்டிருந்தவர் எந்தச் சமயத்தவராயினும் கோயிலுக்கு வந்தவரல்லர். அவர்களுக்கு இந்த ஏட்டிலே இடமில்லை.

பட்டியல் என்றால் வெளியே நிற்போர் இருக்கவே செய்வர். பட்டியலிட்டவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையிலே அடியார்களைப் பெயர்சொல்லிப் பாடியபின்னும் அமைதியடையவில்லை. தம் நாட்டுக்கும் காலத்துக்கும் அப்பாற்பட்ட, தாம் பெயரறியாத அடியார்க்கும் தாம் அடியேன் என்று வணங்கினார்; தொகையடியார் என்ற பகுப்பு அதனாலே வந்தது. கத்தோலிக்கரும் நவம்பர் 1ஆந் திகதியைச் சகல புனிதர்களின் திருநாள் என்று கொண்டாடுகிறார்கள். ஏட்டிலே ஏறாத, எவருக்கும் பெயர் தெரியாத புனிதர்க்கும் உரிய நாள் அது. திருச்சபை தான் புனிதரை உண்டாக்குவதாகச் சொல்வதில்லை. இறைவன் முன் ஏற்கெனவே புனிதராயிருப்பவரை இனங்காண்பதாகவே சொல்கிறது. காணாது விட்டவர் பலர் என்பதனை அத்திருநாளே ஒப்புக்கொள்கிறது.

எனவே, புனிதர் என்று சொல்லும் உரிமை யாருடையது என்ற கேள்விக்கு எனக்குத் தோன்றும் விடை இதுதான். சொல்லும் உரிமை மக்களுடையது. சோதிக்கும் கடமை அதிகாரத்துடையது. சோதனை இல்லாவிடத்துக் கொள்ளையனும் குடிகாரனும் பீடமேறிவிடுவர். மக்களின் நினைவு இல்லாவிடத்துச் சோதிப்பதற்கே எதுவும் இராது. ஆயிரம் பக்கச் சாட்சியமும், வைத்தியர் குழுவும், பாப்பரசரின் முத்திரையும், யாரோ ஒரு தாயோ அயலவரோ ஒரு பெயரையும் ஒரு நாளையும் மறவாது வைத்திருந்ததன் மேலேதான் எழுந்து நிற்கின்றன.

நமது நாட்டிலே கடந்த பல பத்தாண்டுகளிலே மாண்டோர் எத்தனை பேர்? நோயாளிக்கு மருந்து கொண்டுபோன வழியிலே விழுந்தவர்கள், அயலவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகையிலே விழுந்தவர்கள் எல்லாச் சமயத்திலும் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பட்டம் கொடுக்க எந்தப் பேரவையும் இல்லை. ஆனால், சிப்பிரியன் தம் குருமாரைக் கேட்டுக்கொண்டதை நாமும் செய்யலாம். உங்கள் ஊரிலே அப்படி ஒருவர் இருந்திருந்தால், ஒரு கொப்பியை எடுத்து அவருடைய பெயரையும், அவர் செய்ததையும், இறந்த திகதியையும் எழுதிவையுங்கள். அறிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுதிவையுங்கள்.